கல்வட்டம் பார்க்கப் போகிறவர்களுக்கு

காங்கேயம், சென்னிமலைப் பக்கத்துக் கொறங்காடுகளில் (மேய்ச்சல் நிலங்களில்) நடந்தவர்கள் இதைக் கட்டாயம் பார்த்திருப்பார்கள். வெள்வேல மரத்தடியில், கொழுக்கட்டைப் புல்லுக்கு நடுவே, பாதி புதைந்த பாறைகள் வளையமாக நிற்கும். வளையத்துக்குள் தலையளவுக் கற்கள் மண்ணோடு இறுகி, முழங்கால் உயரத்துக்கோ இடுப்பு உயரத்துக்கோ மேடிட்டிருக்கும். பழகாத கண்ணுக்கு அது உழவுக்கு இடைஞ்சல் என்று யாரோ ஒதுக்கிப் போட்ட கல். உண்மையில் அது 2,000 ஆண்டுகளுக்கும் முன்னால் இறந்தவர்களுக்காக ஊரே கூடி எழுப்பிய ஈமச்சின்னம். வளையத்தைக் கல்வட்டம் என்றும், உள்ளே குவிந்த மேட்டைக் கற்குவை என்றும் தொல்லியலில் சொல்கிறோம்.

இதைப் பார்க்கப் போகிறவர்களில் பலர், தோண்டினால்தான் ஏதாவது தெரியும் என்ற எண்ணத்தோடு போகிறார்கள். மேலே கிடக்கும் கற்களில் வாசிக்க ஒன்றுமில்லை என்று நினைக்கிறார்கள். இது தவறு. கல் எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, எது காணாமல் போயிருக்கிறது என்று பொறுமையாகப் பார்த்தாலே அந்தச் சின்னத்தைப் பற்றிப் பாதி செய்தி கிடைத்துவிடும். கல்லை நகர்த்திவிட்டால் மேலே உள்ள செய்தி போவதோடு, கீழே உள்ளதைப் பின்னால் யாரும் சரியாக வாசிக்க முடியாமலும் போகும். ஆகவே கையை வைக்காமல், அளந்து, வரைந்து, திரும்பி வருவதுதான் முறை. அதை எப்படிச் செய்வது என்று பார்ப்போம்.

எங்கே பார்ப்பது

தொடங்குவதற்கு நல்ல இடம் கொடுமணல். ஈரோடு மாவட்டத்தில், சென்னிமலைக்கு மேற்கே, நொய்யலின் வடகரையில் இருக்கிறது. பதிற்றுப்பத்தில் ‘கொடுமணம்’ என்று வருவது இந்த ஊர்தான் என்று அறிஞர்கள் கொள்கிறார்கள். 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகமும், 2012இல் தொல்லியலாளர் கா. ராஜன் தலைமையில் புதுவைப் பல்கலைக்கழகமும், பிறகு தமிழ்நாடு தொல்லியல் துறையும் இங்கே அகழாய்வு செய்திருக்கின்றன. வாழ்விடத்தில் இரும்பு உருக்கிய உலைகள், மணி செய்த பட்டறைக் கழிவுகள், தமிழி (தமிழ் பிராமி) எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் கிடைத்தன. கதிரியக்கக் கரிமக் கணக்கு கி.மு. 5ஆம் நூற்றாண்டு வரை போகிறது. ஊருக்குக் கிழக்கிலும் வடகிழக்கிலும் ஈமக்காடு. தோண்டிய ஒரு கல்லறையில் (கற்பலகைகளால் மண்ணுக்குள் கட்டிய அறையில்) மட்டும் 2,000க்கும் மேற்பட்ட சூதுபவள (கார்னீலியன்) மணிகள் இருந்தன. சூதுபவளம் கொங்கு மண்ணில் விளையும் கல் இல்லை. குஜராத் பக்கமிருந்து வந்தது. அந்தச் செல்வத்தை உயிரோடு இருந்தவர்கள் வைத்துக்கொள்ளாமல் மண்ணுக்குள் வைத்தார்கள் என்பதை நினைத்துக்கொண்டு அந்தக் காட்டில் நடக்க வேண்டும்.

ஈமச்சின்னங்கள் கொடுமணலில் மட்டும் இல்லை. கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லசந்திரத்தில் பாறைக்குன்றின் மேலேயே கல்திட்டைகள் (தரைக்கு மேல் பலகைகளை நிறுத்தி மூடிய கல் அறைகள்) தொகுதியாக நிற்கின்றன. செங்கல்பட்டுப் பக்கம் சானூரில் 1950லும் 1952லும் இந்தியத் தொல்லியல் துறை தோண்டியது. அங்கே கல்வட்டத்துக்குள் கால் வைத்த சுடுமண் ஈமப்பேழைகளும் வந்தன. புதுக்கோட்டைப் பக்கம் கருங்கல்லுக்குப் பதில் செம்புறாங்கல் பலகைகளைப் பார்க்கலாம். தாமிரபரணிக் கரைக்குப் போனால் கல்லே இருக்காது. பறம்பு என்று சொல்லும் சரளை மேட்டில் முதுமக்கள் தாழிகள்தான். ஆதிச்சநல்லூர்ப் பறம்பு 114 ஏக்கர். 1876இல் பெர்லினிலிருந்து வந்த ஜாகோர் தோண்டி எடுத்துப் போனார். 1899 முதல் சில ஆண்டுகள் அலெக்சாண்டர் ரீ தோண்டினார். 2004–05இல் மீண்டும் தோண்டியபோது நூற்றுக்கும் மேற்பட்ட தாழிகள் வெளிவந்தன. ரீ எடுத்தவற்றைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

ஒரே காட்டில் இப்படிப் பல வகையும் கலந்திருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டியதில்லை. ‘சுடுவோர் இடுவோர் தொடுகுழிப் படுப்போர் தாழ்வயின் அடைப்போர் தாழியில் கவிப்போர்’ என்று மணிமேகலை புகார்ச் சுடுகாட்டைச் சொல்லும்போதே எரிப்பது, வெறுமனே இட்டுவிடுவது, குழியில் புதைப்பது, தாழ்ந்த இடத்தில் அடைப்பது, தாழியால் கவிப்பது என்று ஐந்து முறைகளை அடுக்குகிறது. ஒரு கல்வட்டத்துக்கடியில் கல்லறை இருக்கும், பக்கத்து வட்டத்துக்கடியில் தாழி இருக்கும். மேலிருந்து பார்த்து உள்ளே இன்னதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது.

உள்ளூரில் விசாரிக்கும்போது ‘தொல்லியல் களம்’ என்று கேட்டால் யாருக்கும் புரியாது. பாண்டியன் குழி, பாண்டவர் வீடு, குரங்குப் பட்டறை, வாலியர் வீடு, குள்ளர் வீடு என்று ஊருக்கு ஒரு பெயர் இருக்கும். ஆடு மாடு மேய்ப்பவர்களைக் கேளுங்கள். கொங்குப் பக்கமானால், “ஏனுங்கண்ணா, இந்தப் பக்கம் பாண்டியன் குழி எங்கயாச்சும் இருக்குதுங்களா?” என்றால் போதும். பெரியவர் ஒருவர் கூடவே வந்து காட்டுவார். அவர் சொல்லும் கதைகளையும் குறித்துக்கொள்ளுங்கள். முன்பு எத்தனை வட்டம் இருந்தது, எது எந்த ஆண்டு போனது என்ற கணக்கு அவர் தலையில்தான் இருக்கிறது.

எப்போது போவது

ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு புல் முழங்காலுக்கு மேல் நிற்கும். வளையக் கற்கள் தெரியவே தெரியாது. தை கடைசியிலிருந்து பங்குனி வரை நல்ல காலம். புல் காய்ந்து, மேய்ந்து, தரை தெரியும். சித்திரை, வைகாசியில் தரை இன்னும் நன்றாகத் தெரியும். ஆனால் பத்து மணிக்கு மேல் வெயிலில் நின்று அளக்க முடியாது.

நாளில் காலை ஏழிலிருந்து எட்டரை வரை, மாலை நாலரைக்கு மேல். காரணம் வெயில் மட்டுமில்லை. தாழ்ந்த வெளிச்சத்தில் அரையடி உயர மேடும் நீண்ட நிழல் போடும். உச்சி வெயிலில் தட்டையாகத் தெரியும் நிலத்தில், மாலையில் நாலைந்து வட்டங்கள் எழுந்து வருவதைப் பார்க்கலாம். புகைப்படமும் அப்போதுதான் எடுக்க வேண்டும்.

கொறங்காட்டுக்குக் கிளுவை வேலியும் படலும் உண்டு. திறந்த படலைத் திரும்பச் சாத்திவிட்டுப் போங்கள். மாடு வெளியே போனால் அந்தக் காட்டுக்காரர் அடுத்து வருபவரை விடமாட்டார். இந்த மேய்ச்சல் நிலங்கள் உழவு படாமல் இருப்பதால்தான் இந்த வட்டங்கள் தப்பிப் பிழைத்திருக்கின்றன. அந்த வகையில் கொறங்காடு வைத்திருக்கும் குடும்பங்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

பையில் வைக்க வேண்டியவை: 30 மீட்டர் நார் டேப் (எஃகு டேப் வேண்டாம், காந்த ஊசியைத் திருப்பும்), திசைகாட்டி, கட்டம் போட்ட வரைதாள், பென்சில், 20 செ.மீ. விட்டு 20 செ.மீ. சிவப்பு வெள்ளை அடித்த ஒரு மீட்டர் பிவிசி குழாய், நூல், சிறிய அளவுகோல். பேனா வேண்டாம், வியர்வையில் கலையும். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், கணுக்காலை மூடும் காலணி, ஒரு தடி.

தடி விஷயத்தில் அலட்சியம் கூடாது. சுருட்டைவிரியனுக்குக் கற்குவையைவிடப் பிடித்த இடம் கிடையாது. நிறமும் அளவும் தரையோடு தரையாக இருப்பதால் மிதிக்கும் வரை தெரியாது. தடியால் தட்டிவிட்டுக் காலை வையுங்கள். கல்லுக்கடியில் விரல் விடாதீர்கள். கல்லறை திறந்திருந்தால் பலகையில் இருக்கும் துளைக்குள் கையோ தலையோ வைக்கவே கூடாது. உள்ளே பாம்பு இல்லாவிட்டால் தேளோ கதண்டுக் கூடோ இருக்கும். கடித்துவிட்டால் கயிறு கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் செய்யாமல், கடிபட்ட கைகாலை அசைக்காமல் வைத்து 108ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மேட்டைப் பிரித்தறிவது

விவசாயி ஒதுக்கிய கல்குவியலும் கற்குவையும் தூரத்தில் ஒன்று போலத்தான் தெரியும். பக்கத்தில் போனால் வேறுபாடு உண்டு. ஒதுக்கிய குவியல் வயலின் ஓரத்தில், வரப்பை ஒட்டி இருக்கும். கற்கள் ஒன்றன்மேல் ஒன்று தளர்வாகக் கிடக்கும், இடுக்கில் மண் இருக்காது. அடியில் செங்கல் துண்டும் பிளாஸ்டிக்கும் தெரியும். கற்குவையில் கற்கள் மண்ணில் பாதி அமிழ்ந்திருக்கும், மேற்புறம் கல்பாசி படர்ந்திருக்கும், எல்லாவற்றுக்கும் மேலாகச் சுற்றிலும் பெரிய கற்களின் வளையம் இருக்கும். வளையக் கல் தரையில் வைத்ததாக இருக்காது, ஊன்றியதாக இருக்கும். அசைத்துப் பார்க்க வேண்டாம். அடிப்பகுதி மண்ணுக்குள் இறங்கும் கோணமே சொல்லிவிடும்.

ஆட்டுப் பட்டியின் பழைய கல்சுவரும் வட்டமாக இருக்கும். ஆனால் அதில் கல்மேல் கல் அடுக்கியிருப்பார்கள், ஒரு பக்கம் வாசல் விட்டிருப்பார்கள், உள்ளே தரை தாழ்ந்திருக்கும். கல்வட்டத்தில் உள்ளே மேடாக இருக்கும்.

அடுத்து மேட்டின் நடுவைப் பாருங்கள். நடுவில் பள்ளம் இருந்தால் அதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, உள்ளே உள்ள கல்லறையின் மூடுகல் உடைந்து, மேலிருந்த மண் உள்ளே இறங்கியிருக்கலாம். அப்படியானால் பள்ளம் சரிவாக இருக்கும், சுற்றிலும் அள்ளிக் கொட்டிய மண் இருக்காது. மற்றொன்று, புதையல் தேடித் தோண்டியிருக்கலாம். அப்போது பள்ளத்தின் ஒரு பக்கம் மண்மேடு இருக்கும், அதில் பானை ஓடும் பலகைத் துண்டும் கலந்து கிடக்கும். பள்ளத்தின் விளிம்பு கூராக இருந்து, மண் வேறு நிறத்தில் புதிதாகத் தெரிந்தால் அண்மையில் நடந்தது. விளிம்பு மழுங்கிப் புல் முளைத்திருந்தால் பழையது. இந்த ஒன்றைச் சரியாகக் குறித்து வைப்பது மிக முக்கியம். எந்த ஆண்டுக்குள் சிதைந்தது என்று பின்னால் சொல்ல உங்கள் குறிப்பு ஒன்றுதான் இருக்கும்.

பலகையிலோ பெரிய கல்லிலோ வரிசையாக உளித்துளைகள் தெரிந்தால், அது கட்டியவர்கள் போட்டதில்லை. வேலிக்கால், வாசற்படி, அம்மிக்கல்லுக்காகப் பிற்காலத்தில் ஆப்பு வைத்துப் பிளந்த தடம் அது. பக்கத்துத் தோட்டத்து வேலிக் கற்களையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு வாருங்கள். காணாமல் போன மூடுகல் சில நேரம் அங்கே துண்டு துண்டாக நின்றுகொண்டிருக்கும்.

உள்ளே எப்படிக் கட்டியிருக்கிறார்கள்

சிதைந்த வட்டங்களில் கல்லறையின் மேல்விளிம்பு வெளியே தெரியும். அப்போது நின்று பார்க்க வேண்டியது பலகைகள் சேரும் மூலைகளை. நான்கு பலகைகளைப் பெட்டி மாதிரி மூலைக்கு மூலை பொருத்தவில்லை. ஒவ்வொரு பலகையும் ஒரு முனையில் அடுத்ததன் உள்முகத்தில் முட்டும். மறுமுனையில் முந்தையதைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மேலிருந்து பார்த்தால் ஓலைக் காற்றாடி சுழல்வது போல இருக்கும். தொல்லியல் அறிக்கைகளில் இதைச் சுவஸ்திக அமைப்பு என்று எழுதுவார்கள். வெளியிலிருந்து மண் அழுத்தும்போது ஒவ்வொரு பலகையையும் அடுத்தது தாங்குகிறது. அடியில் நடுவே இறக்கிய தரைக்கல் அவற்றின் கால்கள் உள்ளே சரியாமல் பிடித்துக்கொள்கிறது. சுண்ணாம்பும் இல்லை, ஆணியும் இல்லை. கல்லின் எடையையும் மண்ணின் அழுத்தத்தையும் கணக்குப் போட்டு நிறுத்திய கட்டுமானம் இது. ஆகவே ஒரு பலகையை எடுத்தால் மற்ற மூன்றும் ஒரு மழைக்காலத்துக்குள் சாய்ந்துவிடும். திறந்த கல்லறையின் விளிம்பில் நின்று படம் எடுக்காதீர்கள் என்று சொல்வதும் இதனால்தான்.

பெரும்பாலும் கிழக்குப் பலகையில் ஒரு துளை இருக்கும். இடுதுளை என்பார்கள். ஆள் தலையும் தோளும் நுழையும் அளவிலிருந்து கைப்பிடிப் பானை மட்டும் நுழையும் அளவு வரை இருக்கும். வட்டமாகவும் இருக்கும், சரிவகமாகவும் இருக்கும். வெளிப்பக்கம் அதை மூட ஒரு தனிக்கல். துளைக்கு முன்னால் சிறு பலகைகளால் வழி போல அமைத்து, அங்கே படையல் பானைகளை வைத்திருப்பார்கள். பெரிய கல்லறைகளில் நடுவே ஒரு குறுக்குப் பலகை நிறுத்தி இரண்டு அறையாக்கியிருப்பார்கள். கொடுமணலில் மூன்று அறை கொண்டதும் 2020இல் வெளிவந்தது.

மூடுகல்லின் எடையைத் தெரிந்துகொள்ள விரும்பினால் கணக்கு எளிது. நீளம், அகலம், தடிப்பு மூன்றையும் மீட்டரில் பெருக்கி 2.7ஆல் பெருக்குங்கள், டன்னில் வரும். இரண்டரை மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம், 20 செ.மீ. தடிப்பு என்றால் சரியாக ஒரு கன மீட்டர், 2.7 டன். உருளைக்கட்டை, நெம்புகோல், மண்சரிவு, இவற்றோடு நிறையக் கைகள் வேண்டும். ஒரு குடும்பம் தனியாகச் செய்யக்கூடிய வேலை இல்லை.

அளப்பது, வரைவது

இருவர் இருந்தால் ஒரு வட்டத்துக்கு முக்கால் மணி நேரம் போதும்.

முதலில் மையம். டேப்பை வட்டத்தின் குறுக்கே வடக்கு–தெற்காகப் பிடித்து, வளையக் கல்லின் வெளிவிளிம்பிலிருந்து எதிர்க் கல்லின் வெளிவிளிம்பு வரை அளக்கவும். அதற்குச் செங்குத்தாகக் கிழக்கு–மேற்கு அளக்கவும். அளந்த இரண்டு கோட்டிலும் நூல் பிடித்து, அவை வெட்டும் இடத்தில் ஒரு சிறு கூழாங்கல்லை மேலே வைத்தால் போதும். முளை அடிக்கக் கூடாது. இரண்டு விட்டமும் அரை மீட்டருக்கு மேல் வேறுபட்டால், அது நீள்வட்டமாகவே கட்டியதா, ஒரு பக்கக் கற்கள் சரிந்ததால் அப்படித் தெரிகிறதா என்று பாருங்கள். சரிந்த கல்லாக இருந்தால் அதன் அடி இருந்த குழி உட்பக்கம் தெரியும்.

பிறகு வடக்கிலிருந்து வலஞ்சுழியாகக் கற்களுக்கு எண் கொடுங்கள். எண்ணைத் தாளில் எழுதுங்கள். கல்லில் சாக்பீஸ், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். ஒவ்வொரு கல்லுக்கும் மையத்திலிருந்து தூரம், திசைகாட்டிக் கோணம், நீளம், தரைக்கு மேல் உயரம், சாய்வு. 1:50 அளவில் வரைந்தால் ஒரு மீட்டருக்கு 2 செ.மீ. ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ. ஆதலால் 9 மீட்டர் வட்டம் வரைக்கும்தான் விளிம்பு விட்டுக் கொள்ளும். அதற்கு மேல் 1:100.

காணாமல் போன கற்களையும் கணக்கிடலாம். 10 மீட்டர் விட்டமுள்ள வட்டத்தின் சுற்றளவு 31.4 மீட்டர். கற்கள் சராசரியாக ஒரு மீட்டர் நீளம், இடைவெளி 30 செ.மீ. என்றால் 24 கற்கள் இருந்திருக்க வேண்டும். இப்போது 17 நின்றால் ஏழு போய்விட்டன. ஏழும் ஒரே பக்கத்தில் போயிருந்தால் அந்தப் பக்கம் பாதையோ உழவோ நெருங்கியிருக்கும். வட்டம் முழுக்க அங்கங்கே போயிருந்தால் யாரோ நல்ல கல்லாகப் பொறுக்கி எடுத்திருக்கிறார்கள்.

பிழை வருவது பெரும்பாலும் திசைகாட்டியில்தான். கைப்பேசி உறையில் காந்தம், இடுப்பில் இரும்புக் கொக்கி, பக்கத்தில் நிறுத்திய பைக், இவை எல்லாம் ஊசியை இழுக்கும். வண்டியை 20 மீட்டராவது தள்ளி நிறுத்துங்கள். மையத்திலிருந்து ஒரு கல்லின் கோணத்தை எடுத்தபின், அந்தக் கல்லுக்கே போய் அங்கிருந்து திரும்பி மையத்தைப் பார்த்து எடுங்கள். 180 பாகை வேறுபாடு வர வேண்டும். வரவில்லையென்றால் ஏதோ இழுக்கிறது. காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் தமிழ்நாட்டில் இரண்டு பாகைக்குள்தான் வேறுபாடு. இந்த வேலைக்கு அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

இடுதுளையின் திசையை வைத்துச் சூரியக் கணக்குப் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கொடுமணல் இருக்கும் 11 பாகை அகலாங்கில் சூரியன் ஓராண்டில் ஏறக்குறைய 66 பாகையிலிருந்து 114 பாகை வரை எங்கும் உதிக்கும். இந்த 48 பாகைக்குள் எந்தத் துளையும் ஏதோ ஒரு நாளின் உதயத்தைப் பார்த்துத்தான் இருக்கும். ஒரு கல்லறையை வைத்து எதுவும் நிறுவ முடியாது. ஒரு காட்டில் முப்பது நாற்பது துளைகளை அளந்து அவை ஒரே கோணத்தில் குவிந்தால் அப்போது பேசலாம். அதற்காகவே உங்கள் அளவு வேண்டும்.

கைப்பேசி ஜிபிஎஸ் திறந்த வெளியில் 3 முதல் 5 மீட்டர் வரை தவறும். மையத்தில் ஒரு நிமிடம் நின்று, எண் நிலைத்தபின் ஐந்து தசம இடங்களோடு எழுதுங்கள். இந்த எண்களை முகநூலிலோ யூடியூபிலோ போடாதீர்கள். புகைப்படத்தில் இடக்குறிப்பு ஒட்டியிருந்தால் அதையும் நீக்கிவிட்டுப் பகிருங்கள். பாதுகாவல் இல்லாத ஒரு கல்வட்டத்தின் துல்லிய இடத்தை ஊரறியச் சொல்வது, கடப்பாரையோடு வருபவருக்கு வழி காட்டுவதாகும். தொல்லியல் துறைக்கு எழுதும் கடிதத்தில் மட்டும் கொடுங்கள்.

பானை ஓடுகளை எடுக்காதீர்கள்

கருப்பு சிவப்புப் பானை ஓடு அழகானது. உள்ளே கன்னங்கரேலென்று, வெளியே அடிப்பகுதி சிவந்து, மெழுகியது போலப் பளபளக்கும். ஒன்றைப் பையில் போட்டால் என்ன என்று தோன்றும். மேலே கிடக்கும் ஓடு அந்த வட்டம் சிதைந்ததற்கான சாட்சி. எந்தப் பக்கம் எவ்வளவு கிடக்கிறது என்பதே தோண்டியவன் எங்கே கொட்டினான் என்று சொல்லும். அளவுகோலை வைத்துப் படம் எடுத்துவிட்டு, இருந்த இடத்திலேயே விடுங்கள்.

பொருளைவிட இடம் முக்கியம் என்பதற்கு பொருந்தல் நல்ல சான்று. பழனிக்கு அருகே அந்த ஊரில் கா. ராஜன் குழுவினர் தோண்டிய கல்லறையில் நான்கு கால் சாடி ஒன்றில் ஏறத்தாழ இரண்டு கிலோ நெல் இருந்தது. அதைச் சோதித்துக் கி.மு. 490 என்று காலம் சொன்னார்கள். அதே கல்லறையில் எழுத்துப் பொறித்த பிரிமணையும் (பானையைத் தாங்கும் வளையம்) இருந்ததால் தமிழி எழுத்தின் காலமும் பேச்சுக்கு வந்தது. தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் தாழிக்குள் மண்ணோடு இருந்த நெல் கி.மு. 1155 என்ற காலத்தைத் தந்ததாக 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். நெல் சாடிக்குள், சாடி கல்லறைக்குள், பிரிமணை அதன் பக்கத்தில் என்று ஒவ்வொன்றும் வைத்த இடத்தில் இருந்தன. அதே நெல் மண்மேட்டில் சிதறிக் கிடந்திருந்தால் யாரும் அதைச் சோதனைக்கு அனுப்பியிருக்கமாட்டார்கள்.

முறையான அகழாய்வில் வட்டத்தை நான்கு கால் பகுதிகளாகப் பிரித்து, குறுக்கே தோண்டாத மண்திட்டை விட்டு, எதிரெதிர்க் கால்களை முதலில் இறக்குவார்கள். திட்டின் வெட்டுமுகத்தில் குழி வெட்டிய கோடு, நிரப்பிய மண், குவித்த கல், பிற்காலத்தில் படிந்த மண் எல்லாம் அடுக்காகத் தெரியும். ஒவ்வொரு கூடை மண்ணும் சலித்துத்தான் வெளியே போகும். எலும்பு கிடைப்பது அரிது. செம்மண்ணின் அமிலம் அதைக் கரைத்துவிடும். பல இடங்களில் உடலை வெளியே விட்டு, பிறகு எலும்பைப் பொறுக்கிக் கொண்டுவந்து வைத்ததால் இருப்பதும் சில துண்டுகள்தான். புதையல் தேடுபவர் ஒரே இரவில் நடுவே இறங்குகிறார். பொன் இருக்காது. இரும்பு வாளும் பானையும்தான் இருக்கும். ஆத்திரத்தில் அவற்றை உடைத்துப் போட்டுவிட்டுப் போகிறார்.

சிதைந்ததைப் பார்த்தால்

1958ஆம் ஆண்டு மத்தியச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட சின்னமென்றால், அதைச் சுற்றி 100 மீட்டருக்குக் கட்டுமானம் கூடாது. அடுத்த 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும். சேதப்படுத்தினால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். மாநில அளவில் 1966ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. மண்ணுக்குள்ளிருந்து பழம்பொருள் கிடைத்தால் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்திலிருந்தே உண்டு. ஆனால் நீங்கள் காட்டில் பார்க்கும் வட்டங்களில் மிகப் பெரும்பாலானவை எந்தப் பட்டியலிலும் இல்லை. ஜேசிபி வந்தால் இரண்டு மணி நேரத்தில் ஒரு காடே சமமாகிவிடும். கல்குவாரி, வீட்டுமனை, சோலார் பண்ணை, தென்னை வைப்பதற்கு நிலம் சமன் செய்தல் என்று காரணம் மாறும், விளைவு ஒன்றுதான்.

ஆகவே கடிதம் எழுத வேண்டும். மாவட்ட ஆட்சியருக்கும் சென்னையில் உள்ள தமிழ்நாடு தொல்லியல் துறைக்கும் ஒரே கடிதம். ‘எங்கள் ஊரில் பழமையான சின்னம் இருக்கிறது, காப்பாற்றுங்கள்’ என்று மட்டும் எழுதினால் கோப்பு நகராது. வருவாய் வட்டம் (தாலுகா), ஊராட்சி, வருவாய்க் கிராமம், புல எண், உட்பிரிவு வேண்டும். நிலம் புறம்போக்கா பட்டாவா என்பதை அரசின் இணையச் சேவையில் ‘அ’ பதிவேட்டில் பார்க்கலாம். புலப்படத்தையும் அங்கேயே எடுத்து, அதில் கல்வட்டங்களின் இடத்தைப் பென்சிலால் குறிக்கலாம். எத்தனை கல்வட்டம், எத்தனை சிதைந்தவை, கடைசியாக எப்போது பார்த்தீர்கள், உங்கள் வரைபடம், நான்கு திசையிலிருந்தும் ஒவ்வொரு படம். குறுகக் குறுக எழுதி இவற்றை இணைத்தால் களத்துக்கு வருபவருக்கு வேலை எளிது.

பட்டா நிலமென்றால் கடிதம் போடும் முன் நிலத்துக்காரரிடம் பேசுங்கள். ‘சொன்னா கவுருமெண்ட்டு காட்டை எடுத்துக்குவாங்க’ என்ற பயம் அவருக்கு நியாயமானது. அந்தப் பயத்தில் ராவோடு ராவாகக் கல்லைப் பிடுங்கியவர்களும் உண்டு. வட்டம் இருக்கும் சில சென்ட்டை உழாமல் விட்டு, சுற்றி மேய்ச்சலுக்கு வைத்துக்கொள்வதில் அவருக்கு நட்டமில்லை என்பதைக் கூட நின்று அளந்து காட்டுங்கள். 10 மீட்டர் வட்டம் இரண்டு சென்ட்டுக்குள் அடங்கிவிடும். சுற்றிலும் மூன்று மீட்டர் விட்டாலும் ஐந்து சென்ட். அந்த நிலத்தில் யாராவது குத்துக்கல்லுக்கு மஞ்சள் பூசிக் கும்பிடுகிறார்களென்றால் அதைப் பழிக்காதீர்கள், செருப்பைக் கழற்றிவிட்டு நில்லுங்கள். கும்பிடுகிற கல்லை யாரும் பெயர்ப்பதில்லை.

படம் எடுத்த இடங்களை வரைபடத்தில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு அதே மாதம், அதே நான்கு இடத்திலிருந்து மறுபடி எடுத்து, கல் எண்களை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். ஒரு கல் குறைந்திருந்தாலும் தேதி போட்டு அதே இரண்டு முகவரிக்கும் எழுதுங்கள், முந்தைய கடிதத்தின் நகலையும் சேர்த்து.